கழுவாமல் மாட்டிய பில்டர்

மதினி,

விருதுநகர் பஜாரில், நாம் வழக்கமாகப் போகும் டிராக்டர் சாமான் கடையில் நின்று ஒரு டீசல் பில்டரின் பெட்டியைத் திறந்தேன். புது ரப்பரும் பசையும் கலந்த அந்த வாடை குப்பென்று வந்தது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், "இது எப்படி, பாரு" என்று பெட்டியை வலப்பக்கம் நீட்டிவிட்டேன். அங்கே மோட்டாருக்குப் பெல்ட் வாங்க வந்த ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவரும் பாவம், வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குத் தாயி" என்று கொடுத்தார்.

நல்லாத்தான் இருக்கு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்கு நீ சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

நம் தண்ணீர் வண்டி போன வாரத்திலிருந்து சரியில்லை. காலி டேங்கோடு போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஓடைப் பாலத்து மேட்டில் ஏறும்போதுதான் இழுவை குறைகிறது, இருமுகிறது, நிற்கப் போவது போலக் குலுங்கி மறுபடி பிடித்துக்கொள்கிறது. டீசல் போகிற வழி அடைத்திருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் ஆயிலும் கறுத்துக் கிடக்கிறது. இரண்டு பில்டரையும் மாற்றியே ஆக வேண்டும். நீ இருந்தால் எப்போதோ மாற்றியிருப்பாய். மாசியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழாமலே போன அந்தக் காலையிலிருந்து, இந்த வீட்டில் யாருக்கும் எதையும் மாற்றத் தோன்றவில்லை.

இப்போது ஆவணி. தீபாவளிச் சீசன் சூடு பிடித்துவிட்டது. அச்சங்குளத்துப் பக்கம் நாம் தண்ணீர் கொண்டுபோகும் பட்டாசுக் கம்பெனிக்குத் திங்கட்கிழமையிலிருந்து தினமும் லோடு வேண்டுமாம். போர்மேன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "ஒரு நா நடுவழியில நின்னாலும் நான் வேற வண்டி பாத்துக்கிருவேன்த்தா. அப்புறம் வருத்தப்படக் கூடாது." அவரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ரூமுக்கு முன்னாலும் தொட்டி நிறையத் தண்ணீர் இல்லாமல் அங்கே யாரும் வெடி மருந்தில் கை வைக்கக் கூடாது.

வீட்டில் அண்ணன் அதற்கும் மேலே. வண்டியை விற்க, கோவில்பட்டியிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார். "திங்கக்கெழம லோடு நிக்காமப் போயிட்டு வந்துச்சுன்னா பாப்போம். நின்னுச்சுன்னா மறுநாளே அந்தாளு வந்து ஓட்டிட்டுப் போயிருவாரு" என்கிறார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாலாவது நானும் பதிலுக்கு நாலு சொல்லுவேன். சுவரைப் பார்த்துச் சொல்கிறார். வண்டி உன் பேரில் இருந்தது. உனக்குப் பின்னால் அது அவருடையது. நான் வெறுமனே ஓட்டுகிறவள்.

வண்டி போய்விட்டால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மறுபடியும் விடியுமுன் வேனில் ஏறி, மருந்து ரூமில் போய் உட்கார வேண்டும். அங்கே இருந்த காலமெல்லாம் சாயங்காலம் வெளியே வந்த பிறகுதான் எனக்கு முழு மூச்சு வரும். எனக்குப் பயமாக இருக்கிறது, மதினி. இதை என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

மதினி மதினி என்று எழுதுகிறேனே, நீ சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி சடையை ஒருத்தி இழுத்தவர்கள் நாம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, ஊர் முன்னால் நான் "வாங்க மதினி" என்று சொல்ல, நீ வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாய். நாணத்தில் குனிகிறாள் என்று கூடியிருந்தவர்கள் நினைத்தார்கள். ஆள் இருந்தால் வாங்க, ஆள் இல்லாவிட்டால் வா. கடைசி வரைக்கும் அப்படியே ஓட்டிவிட்டோம்.

ஒரே கம்பெனியில், ஒரே ரூமில் வேலை பார்த்தோம். தண்ணீர் வண்டி வரும் வரைக்கும் வேலை தொடங்க முடியாமல் வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்த ஒரு நாள் நீதான் கேட்டாய்: "ஏ பிள்ள, இந்தத் தண்ணிய நாம கொண்டாந்தா என்ன?" நான் வெயிலில் உனக்குக் கிறுகிறுப்பு என்று நினைத்தேன். மகளிர் குழுவில் கடன் எடுத்து, ராஜபாளையத்தில் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் அந்தப் பழைய மினி டிராக்டரை வாங்கி, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் ஓட்டிப் பழகினாய். கரையில் நின்று வேடிக்கை பார்க்க, கண்மாய்க்குள் தண்ணீர் இருந்தபோதுகூட அத்தனை பேர் வந்ததில்லை.

அந்த வண்டிக்கு முதன்முதலாக பில்டர் வாங்க நாம் இதே கடைக்கு வந்ததை நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நமக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"ஆம்பளையாளு யாரும் வரலியா?"

"ஆம்பளையாளு வந்து மாட்டுனாத்தான் பில்டரு வேல செய்யுமா அண்ணாச்சி? அப்படின்னா அந்த பில்டரு வேண்டாம், வேற காட்டுங்க" என்றாய்.

மனிதர் சிரித்துவிட்டார். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று டிராக்டர் கம்பெனியின் சொந்தச் சரக்கு. விலையைக் கேட்டதும் நாம் இருவரும் ஒன்றாகக் கையை எடுத்துக்கொண்டோம். இன்னொன்று பெயரே கேள்விப்படாத, மலிவான லோக்கல். நடுவில் மதுரைப் பக்கம் செய்கிற ஒன்று, விலையிலும் நடு. நான் லோக்கலைத்தான் எடுத்தேன். என் வீட்டுக்காரர் சிவகாசி அச்சாபீசில் வேலை பார்க்கிறவர் இல்லையா, அந்தத் திமிரில், "பெட்டியப் பாரு மதினி. நாலு கலரும் சரியா உக்காந்திருக்கு, ஓரம்கூட நகரல. நல்ல சரக்காத்தான் இருக்கும்" என்றேன்.

"பெட்டிய உங்க வீட்டுக்காரரு அடிச்சிருப்பாக. உள்ள இருக்கதயும் அவுகளா செஞ்சாக?"

கடைக்காரர் முன்னால் என்பதால் மரியாதையாகவே என் மானத்தை வாங்கினாய். இருந்தாலும் மலிவு என்பதால் அந்தத் தடவை லோக்கல்தான் வாங்கினோம். மறுதடவை மதுரைச் சரக்கு. அடுத்து ஒரு தடவை, கையில் கொஞ்சம் காசு ஓட்டம் இருந்தபோது, கம்பெனிச் சரக்கு. கழற்றிய பழசுகளை நீ வீசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆயில் பில்டரையும் வாசலில் போட்டு, ரம்பத்தால் ஒவ்வொன்றாக அறுத்தாய். அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, "மீன் ஆயுதாளோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்த மடிப்புத் தாளை விரித்துக் காயப் போட்டாய். லோக்கலில் தாள் ஓரத்துப் பசை விட்டிருந்தது. அழுக்கு ஆயில் அந்த இடுக்கு வழியாக வடிபடாமலே என்ஜினுக்குப் போயிருக்கிறது. மதுரைச் சரக்கிலும் கம்பெனிச் சரக்கிலும் தாள் கிழியாமல், பசை விடாமல், கரிபோலக் கறுத்துப்போய்க் கிடந்தது.

"அழுக்கப் புடிச்சு வச்சிருக்கு பாத்தியா? இதுதான் வேணும்" என்றாய். "வெல கூடுனத வாங்கிட்டு மாத்த மனசில்லாம போட்டு வச்சிருக்கதுக்கு, நடுவுல உள்ளத வாங்கி நேரத்துக்கு மாத்திரலாம்." அன்றோடு நமக்கு மதுரைச் சரக்கு என்று முடிவாகிவிட்டது. அதிலும் பழைய பில்டரைச் செய்தித்தாளில் சுற்றிக் கூடையில் கொண்டுபோய், புதுசின் கழுத்தோடு கழுத்து வைத்து அளந்து பார்ப்பாய். திருகு மரை ஒத்துப்போகிறதா, ரப்பர் வளையம் நகத்தால் அமுக்கினால் மெத்தென்று எழும்புகிறதா, உள்ளே தாள் மடிப்பு ஒரே சீராக இருக்கிறதா. அத்தனையும் பார்த்த பிறகுதான் பையில் கை போகும்.

இவ்வளவு பார்த்து வாங்குகிற நீதான் அந்த வேலையையும் செய்தாய்.

அதுவும் ஒரு சீசன் நேரம்தான். காலையில் டீசல் பில்டரை மாற்றிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கம்பெனிக்கு லோடு கொண்டுபோனோம். நீ ஓட்டினாய், நான் பின்னால் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். மேற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. வண்டி கம்பெனி வாசலில் நுழைந்தது. என்ஜின் உள்ளே, டேங்க் வாசலின் நடுவில். அங்கே வைத்து ஒரு விக்கல் விக்கியது, இன்னொரு விக்கல், அப்புறம் சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் முதல் இடியைக் கேட்டேன்.

இடி இடித்தால் கம்பெனியில் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். போட்டது போட்டபடி எல்லாரும் வெளியேற வேண்டும். மணி அடித்தது. ஒவ்வொரு ரூமிலிருந்தும் ஆட்கள் வாசலை நோக்கி வந்தார்கள். அந்த ஒரு வாசல்தான். அதை அடைத்துக்கொண்டு நாம். டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒருத்தர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிற இடம்தான் இருந்தது. முதலில் வந்தவர்கள் அதில் நுழைந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். யாரோ ஒருத்தியின் சேலை டேங்க் கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. முகமெல்லாம் வெள்ளிப் பவுடர் அப்பிக்கொண்டு, நம்மோடு ஒன்றாக வேலை பார்த்தவர்கள், நம்மைத் திட்டிக்கொண்டே இடுக்கில் பிதுங்கினார்கள்.

நீ சாவியைத் திருப்பப் போனாய். "செல்ப் அடிக்காத! செல்ப் அடிக்காத!" என்று போர்மேன் அலறிக்கொண்டு ஓடி வந்தார். பேட்டரியில் பொறி தட்டினால் என்ற பயம் அவருக்கு. காயப் போட்ட பட்டாசுச் சரக்கு முற்றத்தில் அப்படியே கிடந்தது. வாசலுக்கு வெளியே வேன்கள் வரிசையாக நின்றன, அதில் அண்ணன் ஆட்களை ஏற்றி ஓட்டும் வேனும் ஒன்று. அண்ணன் இறங்கி ஓடி வந்தார், வெளியேறும் கூட்டத்துக்கு எதிராக அவரால் உள்ளே நுழைய முடியவில்லை. "ஏ, வண்டிய விட்டுட்டு எறங்கி வா! எறங்கி வந்துரு!" என்று கூட்டத்துக்கு மேலே கையை ஆட்டிக் கத்தினார்.

நீ இறங்கவில்லை. கியரை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாய். "ஏ பிள்ள, தண்ணியத் தொறந்து விடு. எடை கொறஞ்சாத்தான் தள்ள முடியும்" என்று கத்தினாய். நான் குதித்து வால்வில் கை வைத்ததும், "அங்கன விடாத! கரிசல், சகதியாயிரும்! சக்கரம் புதைஞ்சிரும்! ஓஸ் பைப்ப ஓடைக்குள்ள போடு!" என்றாய். ஓஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வாசலோரத்து ஓடைக்குள் போட்டுப் பிடித்தேன். தண்ணீர் பாய்கிறது, பாய்கிறது, டேங்க் காலியாகிற வழியைக் காணோம். இன்னோர் இடி. மின்னல் எங்கோ பனைமரக் கூட்டத்தில் இறங்கியது, கண்ணை மூடியும் உள்ளே வெளிச்சம் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த எண்ணம் ஒன்றே ஒன்றுதான். இவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே நிற்கிறேன், எது நடந்தாலும் என்னால் அவளிடம் போக முடியாது.

"இப்பத் தள்ளுங்க!" என்றாய். இடுக்கில் போக வந்த பெண்கள் நின்றார்கள். போர்மேன் தோளைக் கொடுத்தார். திட்டிக்கொண்டே வந்தவர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். வண்டி முதலில் அசையவில்லை. பிறகு ஒரு சக்கரம் முனகியது. நீ வலப்பக்கம் ஒடித்து, காலி இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். வாசல் திறந்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். கடைசியில் நீ நடந்து வந்தாய். அண்ணன் உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வேனுக்குள் தள்ளினார். கல் மாதிரி மழை விழத் தொடங்கியது. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை இப்போது எழுதும்போதும் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்கிறேன்: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் வண்டியை வெளியே இழுத்து, கம்பெனிக்கு எட்டத்தில் புளியமரத்தடியில் வைத்து நீ டீசல் பில்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாய். உள்ளே பாதிக்குத் தண்ணீர். மேலே டீசல் மஞ்சளாக, கீழே தண்ணீர் வேறாக. சுற்றி நின்றவர்களுக்கு வாய் ஓயவில்லை. ஒருத்தர் பெட்ரோல் பங்கில் கலப்படம் என்றார். ஒருத்தர், "மலிவுல பில்டரு வாங்குனா இப்படித்தான்" என்றார். போர்மேன் அதையே பிடித்துக்கொண்டு, "இந்த வண்டி இனிமே உள்ள வரக் கூடாது. கம்பெனி பில்டரு வாங்க முடியாதவுகளுக்கு எதுக்கு வண்டி?" என்றார். நீ அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பேசாமல் இருந்திருந்தால் பழி பில்டரோடு போயிருக்கும்.

"பில்டரு நல்ல பில்டருதான்ண்ணே. நாந்தான் கழுவுனேன்."

"என்னத்தக் கழுவுன?"

"கிண்ணத்த. உள்ள போடுத தாள் பில்டரயும். தூசியா இருந்துச்சு. தண்ணியில நல்லா அலசி, சேலையில தொடச்சு மாட்டுனேன்."

டீசல் போகிற இடத்தில் தண்ணீர் பட்டால் என்ஜின் நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் அந்தக் கை என்ன பழகியிருந்தது? வேலை முடிந்தால் ரூமைக் கழுவு, சல்லடையைக் கழுவு, தட்டைக் கழுவு, கையைக் கழுவு, காலைக் கழுவு. மருந்துத் தூசி ஒட்டிய எதையும் கழுவாமல் வைத்தால் மறுநாள் அது உரசி யாரையோ எரிக்கும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த கை, புதுச் சாமானைக் கழுவாமல் தொடாது.

போர்மேன் உன்னையே பார்த்தார். நான் அடுத்த வசவுக்குக் காத்திருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானா இருந்தாலும் கழுவித்தான் இருப்பேன்" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். தன் சேலையைக் கிழித்ததற்குக் கூலியாக ஒரு வாரம் டீ வாங்கித் தர வேண்டும் என்று அந்தச் சேலை கிழிந்தவள் சண்டைக்கு வந்தாள். வண்டி மறுபடி உள்ளே போனது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வெகுநாளைக்கு அவர் அந்த வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை நாம் கோபம் என்று நினைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் அந்த ஒரு வாடையில் வந்துவிட்டது. கடைக்காரர் பொறுமையாகத்தான் நின்றார். அதே மூன்று சரக்கு, எல்லாமே விலை ஏறியிருக்கிறது. "கம்பெனிச் சரக்கே வாங்கிட்டுப் போத்தா, ஒத்த லோடுல வாழ்வா சாவான்னு சொல்லுத. இப்பப் போயி யோசிக்கலாமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயத்தில் விலை கூடினதை வாங்கத்தான் மனசு போகிறது. ஆனால் கம்பெனிச் சரக்கில் இரண்டும் வாங்கினால் ஆயில் வாங்கக் கையில் இருக்காது. கறுத்த ஆயிலை வைத்துக்கொண்டு புது பில்டரை மாட்டி என்ன செய்ய? கூடையிலிருந்து, நீ கடைசியாகக் கழற்றி வைத்த பழசுகளை எடுத்தேன். கழுத்தோடு கழுத்து வைத்தேன். ரப்பரை நகத்தால் அமுக்கினேன். மடிப்புத் தாளை வெளிச்சத்தில் பார்த்தேன். முதலில் எடுத்துக் கொடுத்ததில் ஓரிடத்தில் மடிப்பு நசுங்கியிருந்தது, வேறு கேட்டேன். மதுரைச் சரக்கு இரண்டும், ஒரு டின் ஆயிலும் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். தப்பாக எடுத்துவிட்டேனோ, தப்பாக எடுத்துவிட்டேனோ என்று சாத்தூர் வரும் வரைக்கும் அதே நினைப்பு.

இதுவரை எழுதியதை மடித்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியை நிறுத்திப் பழைய ஆயிலை இறக்கினேன். ஆயில் பில்டரின் ரப்பரில் புது ஆயிலைத் தொட்டுத் தடவி, கையாலேயே இறுக்கினேன். டீசல் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் கறுப்பாக வண்டல். அதைப் பார்த்ததும், மதினி, நான் எழுந்து போய் வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்துவிட்டேன். கிண்ணத்தை வாளிக்குள் விட ஒரு விரற்கடைதான் பாக்கி. உன் கையைப் பற்றி ஊரெல்லாம் கதை சொல்லிச் சிரித்தவள் நான். என் கையும் அதே கைதான். வாளித் தண்ணீரை வேப்பஞ்செடிக்கு ஊற்றிவிட்டு, கிண்ணத்தை டீசலிலேயே அலசி, ஈரமில்லாத துணியால் துடைத்தேன். தாள் பில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தபடி, ஊதிக்கூடப் பார்க்காமல் மாட்டினேன்.

அடுத்த வேலைதான் இருவர் வேலை. பில்டர் மாற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். ஒருத்தர் கீழே கைப்பம்பை அமுக்க வேண்டும், ஒருத்தர் மேலே திருகைத் தளர்த்திப் பிடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்க வேண்டும். நீ பம்ப், நான் திருகு. "போதுமா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய், நான் "இன்னுங் கொஞ்சம்" என்பேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் நானே எட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. டீசல் முழங்கை வரைக்கும் வழிந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

அப்போது பம்ப் பக்கம் யாரோ குத்தவைத்து உட்காருவது தெரிந்தது. அண்ணன். பம்பை அமுக்கத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருந்தது. "விக்கப் போற வண்டிக்கு நீங்க எதுக்குண்ணே கஷ்டப்படுதீக?" என்றேன்.

அமுக்கிக்கொண்டே இருந்தார். திருகைப் பார்த்தபடி சொன்னார்: "மத்தியானம் வேன விட்டுட்டு வந்து சாப்பிட உக்காருதேன். தெருமுக்குல இந்த வண்டி திரும்புத சத்தம் கேக்குது. சோத்துல கை வச்சது வச்சபடி எந்திரிச்சு வாசலுக்கு வந்துருதேன். வந்து பாத்தா நீ." பம்பை மறுபடி அமுக்கினார். "தெனமும் வாரேன். தெனமும் நீ. என்னால முடியலத்தா."

நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதெல்லாம் அண்ணன் வாசலிலிருந்து சட்டென்று உள்ளே போவதை இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேல் வெறுப்பு என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கம்பெனி வாசலில் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிய மனிதர், இன்னும் அங்கேயேதான் நிற்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை.

"போதுமா?" என்றார்.

"இன்னுங் கொஞ்சம்" என்றேன்.

நுரை நின்றது. இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். ஓடைப் பாலத்து மேட்டில் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். இருமவில்லை. கம்பெனி வாசலுக்குள் என்ஜின் நுழைந்து, டேங்க் வாசலின் நடுவில் வந்த அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மேற்கே லேசாகக் கருக்கல் இருந்தது. போர்மேனும் வாசலில் நின்று சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. வண்டி உள்ளே போனது. தொட்டிகளை நிரப்பினேன். வெளியே வந்தேன். "கழுவலையில்ல?" என்றார் போர்மேன். இல்லை என்று தலையாட்டினேன்.

காலி டேங்கோடு திரும்பும்போது எங்கள் தெருமுக்கு வந்தது. மத்தியானம், அண்ணன் சாப்பிட உட்காரும் நேரம். என்ஜினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போய்விடலாமா என்று சாவியில் கை வைத்தேன். அவரை இன்னொரு தடவை எழுப்பி ஏமாற்ற எனக்கு மனசில்லை. பிறகு கையை எடுத்துவிட்டேன். உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தச் சத்தம்தான். ஒழுங்காக ஓடுகிற சத்தம். அதை நான் எங்கே கொண்டுபோய் ஒளிக்க?

திரும்பினேன். அண்ணன் சோற்றுக் கையோடு வாசலில் நின்றார். உன்னைப் பார்க்கத்தான் எழுந்து வந்தார், மதினி. என்னைப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

"நிக்காமப் போச்சா?" என்று கேட்டார்.